தாய் எனக் கருதப்படக் கோரும் பறவை

செலஸ்ரீனா இத்தாலிக்கு வந்த இருபது வருடத்தில் சட்டத்தை மீறியது ஒரே ஒரு தடவை. கடற்காகக் குஞ்சின் விடயத்தில் அவள் பட்ட சீரழிவு முழுக்கச் சட்டப்படி நடந்ததால் வந்தது.

மீறிய கதையை முதலில் சொல்லிவிடலாம். ஒன்பது வருடத்துக்கு முந்தி அவளுடைய சித்தியின் மகன் பீலிக்ஸ், மிலானோவில் வேலை போய், ஒரு சூட்கேசோடு பலெர்மோவுக்கு வந்து இரண்டு கிழமை அவர்கள் வீட்டுச் சோபாவில் படுத்தான். வெளிநாட்டுக்காரர் ஒருவரை வீட்டில் தங்கவைத்தால் நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் பொலிசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். தம்பி சோபாவில் படுப்பதை ஆருக்கு எழுதுவது என்று செலஸ்ரீனா பேசாமல் இருந்துவிட்டாள். தண்டம் வந்தது. அதற்குப் பிறகு அவள் எழுதிக் கொடுக்காத விருந்தாளி இல்லை. மன்னாரிலிருந்து திருநாளுக்கு வந்த பாதிரியார் ஒரு இரவு தங்கினார். அவர் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முதலே அவருடைய பாஸ்போட் போட்டோக்கொப்பி ஆகிவிட்டது. விருந்தாளிப் படிவம் இருபது கொப்பி எப்போதும் குசினி அலுமாரியில், தேயிலை டின்னுக்குப் பக்கத்தில் இருக்கும்.

இது இப்படியிருக்க, ஆனி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை. போர்கோ வெக்கியோவில் அவர்கள் இருப்பது ஐந்தாம் மாடி, கடைசி மாடி. உடுப்புக் காயப்போட மொட்டைமாடிக்குப் போனவள் வாளியோடு அப்படியே நின்றாள்.

"இஞ்சருங்கோ, ஒருக்கா வாங்கோ. கொடிக்குக் கீழை என்னவோ நிக்குது."

கணவர் இராஜநாயகம் பனியனோடு வந்து பார்த்தார். ஒரு கோழிக்குஞ்சை நாலு மடங்கு பெருப்பித்து, அதன் தலையில் அடுப்புச் சாம்பலைக் கொட்டினால் எப்படி இருக்குமோ அப்படி ஒன்று சுவரோடு ஒட்டி நின்று இருவரையும் முறைத்தது.

"கடற்காகக் குஞ்சு. மேலை ஓட்டிலை கூடு. இடறி விழுந்திட்டுது போலை."

"பாவம், தனிய நிக்குது."

"எங்கை தனிய? அங்கை பாரும்."

நீலத் தண்ணீர்த் தாங்கியின் மேல் ஒரு பெரிய கடற்காகம் நின்றது. வெள்ளை உடம்பு, சாம்பல் செட்டை, மஞ்சள் கால். மீன் சந்தையில் விலை பொருந்தாத பெண்பிள்ளையைப் போல அது கத்திக்கொண்டிருந்தது.

"தனிய எண்டால் இவ ஆர்? பேசாமல் உள்ளை வாரும். அது தன்ரை பாட்டிலை வளந்து தன்ரை பாட்டிலை பறக்கும்."

பக்கத்து பல்கனியிலிருந்து சின்யோரா பீனாவும் அதையேதான் சொன்னாள். பீனா பேசுவது சிசிலியின் தெருமொழி. செலஸ்ரீனாவின் காதில் அது எப்போதும் ஊர்த் தமிழாகத்தான் விழும்.

"செலி, தொட்டுக்கிட்டுப் போடாதை. தொட்டியோ, அந்த மூதேசி உன்ரை மண்டையைப் பிளக்கும். வருசா வருசம் விழுகிறதுதான். மூண்டு கிழமையிலை பறந்திடும். அதுமட்டும் உடுப்பை வீட்டுக்குள்ளை காயப்போடு, முடிஞ்சுது."

உணவகத்தில் பாத்திரம் கழுவும் இராஜநாயகத்துக்குத் தெரிந்திருந்தது. எழுத்து வாசிக்கத் தெரியாத பீனாவுக்குத் தெரிந்திருந்தது. தாய்ப்பறவைக்கும் தெரிந்திருந்தது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பின்னேரம் வேலையால் திரும்பும்போது பஸ் தரிப்பில் ஒரு சுவரொட்டி செலஸ்ரீனாவைப் பிடித்துக்கொண்டது.

"காட்டு இளவுயிர் ஒன்றைத் தனியாகக் கண்டீர்களா? அலட்சியம் குற்றம். நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் அறிவியுங்கள். தனித்த காட்டு இளவுயிர்களுக்கான பணியகம்." கீழே ஒரு மான்குட்டியின் படம். பலெர்மோவில் மான் இல்லை. மான்குட்டிக்குப் பக்கத்தில் பணிப்பாளரின் படம். அது மான்குட்டியைவிடப் பெரிது.

நாற்பத்தெட்டு என்ற எண்ணைக் கண்டதும் செலஸ்ரீனா நேரே வீட்டுக்குப் போய்க் குசினி அலுமாரியைத் திறந்தாள்.

அன்று பின்னேரம் மகள் யூலியானா பற்சிகிச்சை நிலையத்தில் வேலை முடிந்து வந்தபோது தாய் குசினி மேசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஆர் அம்மா வந்து நிக்கினம்?"

"குஞ்சு."

"என்ன குஞ்சு?"

"மேலை நிக்கிற குஞ்சு. குடும்பப் பெயர், இல்லை எண்டு போட்டன். பிறந்த இடம், போர்கோ வெக்கியோ, ஓட்டுக்கு மேலை. வந்த திகதி செவ்வாய். வீட்டுக்காரரோடை உறவுமுறை, ஒண்டுமில்லை. சரிதானே?"

"அம்மா, இது வெளிநாட்டுக்காரருக்கான படிவம். அது இஞ்சை பிறந்தது."

"கீழ்வீட்டு டினேஷின்ரை பிள்ளையளும் இஞ்சைதான் பிறந்ததுகள். அதுகளுக்கு இஞ்சை இருக்கிற அனுமதி, பெர்மெஸ்ஸோ, எடுக்க டினேஷ் எத்தினை நாள் விடிய வெள்ளெண வரிசையிலை நிண்டவன்? இஞ்சை பிறந்தால் இஞ்சத்தையாளோ?"

அந்தக் கேள்விக்கு இத்தாலி அரசிடமே பதில் இருக்கவில்லை.

மறுநாள் பணியகத்தில் செலஸ்ரீனாவுக்கு விழுந்தது நாலாம் சாளரம். அங்கே இருந்தவருக்குப் பெயர் இருந்திருக்கும். கண்ணாடியில் இலக்கம்தான் எழுதியிருந்தது. அவர் படிவத்தை மேலிருந்து கீழாக வாசித்தார். சிரிக்கவில்லை. எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன, முத்திரையும் ஒட்டியிருந்தது, இதில் சிரிக்க என்ன இருக்கிறது? சீல் விழுந்தது.

"தனியாக இருக்கிறதா?"

"இல்லை சின்யோரே. தாய் தண்ணித் தாங்கியிலை நிக்குது."

"தனியாக இல்லாத உயிர் எங்கள் பணியகத்துக்கு உரியதல்ல."

"நல்லதாப் போச்சு. அப்ப நான் போறன்."

"போக முடியாது. பதிவிலக்கம் விழுந்துவிட்டது. பதிவிலக்கம் விழுந்த உயிர் எங்களுக்கு உரியது."

"தனிய இல்லையே சின்யோரே."

"எங்கள் கணினியில் 'தனியாக' என்ற ஒரு தெரிவுதான் இருக்கிறது. அதை அழுத்தாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது."

அழுத்தினார். அடுத்த பக்கம் திறந்தது. தாய் இல்லாமற் போனாள்.

பிறகு இரண்டு தாள் கொடுத்தார். முதலாவது தாள்: தொடக்கூடாது, உணவு கொடுக்கக்கூடாது, தண்ணீர் வைக்கக்கூடாது, இடம் மாற்றக்கூடாது. இரண்டாவது தாள்: காட்டுயிர் அரசின் சொத்து, அதன் உடல்நலத்துக்கு அறிவித்தவரே முழுப் பொறுப்பு.

"தொடாமல், தண்ணியும் வையாமல் எப்பிடிப் பொறுப்பாப் பாக்கிறது?"

"அக்கறையோடு," என்றார் நாலாம் சாளரம். "சற்றுத் தூரத்திலிருந்து."

வீட்டில் இராஜநாயகம் இரண்டு தாளையும் யூலியானாவைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்டார்.

"அரசாங்கத்தின்ரை சொத்தெண்டால் அரசாங்கம் வந்து மீன் தீத்தட்டும். உமக்கேனப்பா தேவையில்லாத வேலை?"

"எழுதிக் குடுக்காமல் விட்டால் பிறகு தண்டம் வந்து விழும். அப்ப கதைப்பியள்."

"எழுதிக் குடுத்ததாலை வந்து விழப்போறதைப் பாரும்."

வெள்ளிக்கிழமை வந்து விழுந்தது. பணிப்பாளர் மொந்தால்தோ (மரியாதைக்குத் தொத்தோரே), நாலாம் சாளரம், படம் பிடிக்க ஒருவர், பணியகத்தின் சின்னம் அச்சடித்த ஒரு மட்டைப்பெட்டி. ஐந்து மாடியும் ஏறிவந்த மூச்சு அடங்குவதற்குள்ளேயே பணிப்பாளர் பேசத் தொடங்கிவிட்டார். படம் பிடிப்பவர் தயாராக இருந்தார்.

"ஒரு சமூகத்தின் மனச்சாட்சி, தாய் கைவிட்ட குஞ்சின் முன்னால்தான்..."

அந்த இடத்தில் தாய் அவருடைய தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"இந்தப் பறவை யார்?" என்று பணிப்பாளர் மொட்டைத் தலையைத் தடவியபடி கேட்டார்.

"தாய், தொத்தோரே."

"எப்படித் தெரியும்?"

செலஸ்ரீனாவுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. இதே குரலில், இதே அலுப்போடு முன்பு ஒருமுறை அவளிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் வாய் ஒட்டிக்கொண்டது. பல்கனியிலிருந்து பீனாதான் பதில் சொன்னாள்.

"மூண்டு நாளா மீனைக் கக்கிக் கக்கி அதின்ரை வாய்க்குள்ளை விடுது. ஆரும் பிறத்தியார் பிள்ளைக்கு இப்பிடிச் செய்வினமோ? நீங்கள் செய்வியளோ தொத்தோரே?"

"எழுதுங்கள்," என்றார் பணிப்பாளர். நாலாம் சாளரம் எழுதினார். "அடையாளம் உறுதிப்படுத்தப்படாத வளர்ந்த பறவை ஒன்று, தாய் எனக் கருதப்படக் கோரி, பல தடவை வாந்தி எடுத்தது. வன்முறைச் சுபாவம். தாய்மைக்குத் தகுதி ஐயத்துக்குரியது."

தாய் எனக் கருதப்படக் கோரும் பறவை இரண்டாவது தடவை வந்தது. இம்முறை தொப்பி இல்லாதபடியால் நேரே மண்டை. படம் பிடிப்பவர் உடுப்புக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். பணிப்பாளர் மட்டும் அசையவில்லை என்று சொல்ல வேண்டும். பேச்சு இன்னும் முடியவில்லை.

"திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் குஞ்சை எங்கள் மையத்துக்கு எடுத்துச் செல்வோம். பயப்பட வேண்டாம், சின்யோரா. மையம் திறந்து மூன்று வருடம். பதிவு பூர்த்தியான ஒரு உயிர்கூட எங்கள் கையில் இறந்ததில்லை."

"பதிவு பூர்த்தியாக எவ்வளவு நாள் செல்லும், தொத்தோரே?"

"நாற்பத்தைந்து வேலைநாள்."

"இதுவரையிலை எத்தினை பூர்த்தியானது?"

"அந்தக் கட்டத்தை இன்னும் எந்த உயிரும் எட்டவில்லை."

செலஸ்ரீனா பெட்டியைப் பார்த்தாள். காற்றுப் போக அதில் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டைக்கு மேலே சின்னத்தை ஒட்டியிருந்தார்கள்.

"அங்கை ஆர் இதுக்கு மீன் தீத்துவினம்?"

"மீன் விநியோகத்துக்குக் கேள்விப்பத்திரம், அதாவது டெண்டர், கோரியிருக்கிறோம். முடிவு கார்த்திகையில்."

"இது ஆனி மாதம்."

"அதனால்தான் இப்போதே கோரினோம்," என்றார் பணிப்பாளர் பெருமையோடு. அவர்கள் இறங்கிப் போனார்கள். படியில் அவர் தொப்பிக்கு ஒரு முறைப்பாடு எழுதச் சொல்வது கேட்டது.

செலஸ்ரீனா மொட்டைமாடிக் கதவுக்கு உள்ளே கதிரையைப் போட்டு இருந்தாள். வெளியே தாய் இறங்கி வந்து, தலையைக் குனிந்து, குஞ்சின் தொண்டைக்குள் மீனை இறக்கினாள். குஞ்சின் செட்டையில் இறகு அரைவாசிதான் வந்திருந்தது. திங்கட்கிழமை பெட்டிக்குள் போனால் புதன்கிழமை தாண்டாது. அதைத் தெரிந்துகொள்ளப் பணிப்பாளராக வேண்டிய அவசியம் இல்லை. அதைப் பெட்டிக்குள் போகப் பண்ணியது தான்தான் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தன் கையெழுத்து, தன் முத்திரை, தன் போட்டோக்கொப்பி.

யூலியானா வந்து பக்கத்தில் நின்றாள்.

"அந்தாள் எப்பிடித் தெரியும் எண்டு கேட்கேக்கை ஏன் அம்மா பேசாமல் நிண்டனீங்கள்?"

"உன்னைக் கூப்பிட எழுதிப்போட, கொழும்புத் தூதரகத்திலையிருந்து ரெலிபோனிலை கேட்டவங்கள். நீங்கள்தான் தாய் எண்டு எப்பிடித் தெரியும் எண்டு. பிறப்புப் பத்திரம் அனுப்பினன். அதிலை ஒரு சீல் குறையுது எண்டாங்கள். ஞானஸ்நானப் பத்திரம் அனுப்பினன். அது கோயில் காகிதம் எண்டாங்கள். நாலு வருசம். உனக்கு ஆறு வயசிலை விட்டிட்டு வந்தனான், பத்து வயசிலைதான் விட்டவங்கள்."

"தெரியும் அம்மா."

"விமான நிலையத்திலை என்னைக் கண்டிட்டு என்ன சொன்னனி, ஞாபகம் இருக்கோ?"

யூலியானா வெளியே பார்த்தாள். "சுகமா இருக்கிறீங்களா அன்ரி எண்டு கேட்டனான்."

குஞ்சு இன்னும் மீன் கேட்டது. தாய் இன்னும் கக்கினாள்.

"அந்த நாலு வருசத்திலை எங்களுக்கு நடந்த ஒரேயொரு நல்லது என்ன தெரியுமோ?" என்றாள் செலஸ்ரீனா மெதுவாக. "என்ரை பெர்மெஸ்ஸோ ரெண்டு தரம் முடிஞ்சுது. ரெண்டு தரமும் புதுப்பிக்கக் குடுத்து ரிசெவுத்தாவைக் கையிலை வைச்சிருந்தனான்."

ரிசெவுத்தா என்றால் ரசீது. பலெர்மோவில் இருக்கிற எந்தத் தமிழ்ச் சனத்தைக் கேட்டாலும் சொல்லும்: பெர்மெஸ்ஸோவைவிட ரிசெவுத்தா பலம். மனு உள்ளே போய் ரசீது கையில் இருந்தால், பதில் வரும்வரை உன்னை ஒருத்தரும் அசைக்க ஏலாது. பதிலோ வராது. சிலர் ரசீதோடேயே கலியாணம் கட்டிப் பேரப்பிள்ளையும் கண்டிருக்கிறார்கள்.

செலஸ்ரீனா எழும்பிப் போய் அலுமாரி மேலிருந்து மகளின் பழைய பைலை இறக்கினாள். குடும்ப ஒன்றிணைவு விண்ணப்பம். வெற்றுப் படிவம் ஒன்று அதில் மிச்சமிருந்தது.

"அம்மா, சேரியமெந்தே? உண்மையாத்தான் சொல்லுறீங்களோ?"

"எழுது. உன்ரை எழுத்துத்தான் வடிவு. விண்ணப்பதாரர், தாய். இருப்பிடம், தண்ணித் தாங்கி, ஐந்தாம் மாடிக்கு மேலை. சேர வேண்டியவர், மகன் அல்லது மகள், பதிவிலக்கம் இது. தற்போது பிரிந்திருக்கும் தூரம், மூண்டு மீற்றர்."

"தொழில்?"

"மீன்பிடி."

"கையொப்பம்?"

அது ஒரு பிரச்சினைதான். குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த இராஜநாயகம் இடியப்பச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெளியே போனார். படிவத்தைத் தாங்கிக்குக் கீழே விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டு வந்தார். சட்டியில் இரண்டு தரம் டங் என்று கேட்டது.

"நாளைக்குப் பாரும்," என்றார். "ஆள் அந்த விசயத்திலை பஞ்சிப்படாது."

சனிக்கிழமை காலையில் தாளில் கையொப்பம் விழுந்திருந்தது. வெள்ளையாக, தாராளமாக, காய்ந்தும் இருந்தது.

திங்கட்கிழமை எட்டரைக்குச் செலஸ்ரீனா முதல் ஆளாக நின்றாள். நாலாம் சாளரம் விண்ணப்பத்தை மேலிருந்து கீழாக வாசித்தார். கடைசிப் பக்கத்தில் நின்று கண்ணாடியைத் துடைத்தார்.

"கையொப்பம் கட்டத்துக்கு வெளியே போயிருக்கிறது."

"முதல் தரம் சின்யோரே. பழக்கமில்லை."

அவர் யோசித்தார். விண்ணப்பதாரர் பறவை என்பதால் நிராகரிக்க ஒரு பிரிவு இருக்கிறதா என்று கையேட்டைப் புரட்டினார். இருக்கவில்லை. கட்டத்துக்கு வெளியே கையொப்பமிட்டதற்கு ஒரு பிரிவு இருந்தது. அதன்படி சிவப்பு மையால் கட்டத்தைப் பெரிதாக்கிக் கீறினார். சீல் விழுந்தது. ரிசெவுத்தா வந்தது.

பத்து மணிக்குப் பணிப்பாளர் புதுத் தொப்பியோடும் பழைய பெட்டியோடும் கதவைத் தட்டினார். செலஸ்ரீனா கதவைத் திறக்கவில்லை. சங்கிலி போட்ட இடைவெளியால் ரசீதை நீட்டினாள். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். மூன்றாந் தரம் வாசிக்கும்போது அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"மனு நிலுவையில் இருக்கிறது," என்றார். "நிலுவையில் இருக்கும்போது பணியகம் எதுவும் செய்ய முடியாது, சின்யோரா."

"ஓம் தொத்தோரே. எனக்கும் அது தெரியும்."

"எதுவுமே," என்று அவர் இன்னொரு தரம் சொன்னார். இருபத்தேழு வருட அரச சேவையில் தான் மிகவும் விரும்பிய சொல்லை ஆரோ வீட்டு வாசலில் வந்து கொடுத்தது போல இருந்தது அவருக்கு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு விசிலடித்தபடி இறங்கினார்.

குஞ்சு ஆனி இருபத்தேழாம் திகதி, வியாழக்கிழமை, காலை ஏழு மணி போலப் பறந்தது. முதலில் சுவர் விளிம்பில் ஏறி நின்று செட்டையை அடித்தது. தாய் மேலே நின்று கத்தினாள். அது பீனாவின் பல்கனி வரை விழுந்து, தெருவைப் பார்த்து இன்னும் விழுந்து, மரக்கறிக் கடையின் கூடாரத்துக்கு மேலே ஒரு முழம் இருக்கும்போது விழுவதை நிறுத்திக்கொண்டது. பிறகு துறைமுகப் பக்கம் போனது. தாயும் பின்னால் போனாள். இராஜநாயகம் கதவுக்கு உள்ளே நின்று கைதட்டினார். செலஸ்ரீனா உடுப்பை வெளியே கொண்டுபோய்க் காயப்போட்டாள்.

கார்த்திகை முடிவில் மனுவுக்குப் பதில் பணியகத்துக்கு வந்தது. நாலாம் சாளரம் அதைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வாசித்துக் காட்டினார்.

"மனு நிராகரிக்கப்பட்டது. தண்ணீர்த் தாங்கி ஒரு குடும்பம் வாழ்வதற்குரிய பரப்பளவைக் கொண்டிருக்கவில்லை. இளவுயிரை இன்றே ஒப்படைக்கவும். மீன் விநியோகத்துக்கான கேள்விப்பத்திரத்துக்கு எவரும் விண்ணப்பிக்காததால் அது மீளக் கோரப்படும்."

"அது பறந்து அஞ்சு மாதம், சின்யோரே."

"யாருடைய அனுமதியோடு?"

"தாயின்ரை."

"தாய் என்று ஒருவர் பதிவில் இல்லை." அவர் கணினியைத் திருப்பினார். "வெளியேறியது என்று போடுகிறேன். எப்படி வெளியேறியது? தனியாகவா?"

"தாயோடை."

"தனியாக," என்று நாலாம் சாளரம் அழுத்தினார். அடுத்த பக்கம் திறந்தது.

தை மாதத்தில் பஸ் தரிப்பில் புதுச் சுவரொட்டி வந்தது. "வெளியேறியதாகப் பதிவான உயிர்களில் உயிரோடு வெளியேறியவை: நூற்றுக்கு நூறு." மான்குட்டி இருந்த இடத்தில் அரைவாசி இறகோடு முறைக்கிற குஞ்சு. பணிப்பாளரின் படத்துக்கு இம்முறை இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்திருந்தது.

அடுத்த ஆனி. செலஸ்ரீனா வாளியோடு மொட்டைமாடிக்குப் போனாள். தாங்கியில் மஞ்சள் கால் நின்று கத்தியது. பீனா பல்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"செலி, இந்த வருசமும் விழுந்திட்டுது. அந்தா, அந்த மூலையிலை. கண்டியோ?"

"இல்லை பீனா. நான் ஒண்டையும் காணேல்லை."

அவள் உடுப்பை உள்ளே கொண்டுபோனாள். குசினி அலுமாரியைத் திறந்து தேயிலை டின்னுக்குப் பக்கத்தில் இருந்த இருபது படிவத்தையும் வெறுமையாகவே எடுத்தாள். இராஜநாயகம் இடியப்பச் சட்டியை நீட்டினார். அவள் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரும்பிப் போய், மூலைப் பக்கம் பாராமலே, கழுவிய சீமெந்தில் எச்சம் படாமல் இருக்க ஒவ்வொன்றாகத் தாங்கிக்குக் கீழே விரித்துக் கல் வைத்தாள்.

பின்னேரம் வந்து பார்த்தபோது பதினொரு படிவத்தில் கையொப்பம் விழுந்திருந்தது.